பத்திரமாய் வைத்திருந்த பொய்

கைதட்டல் ஓயமுதலே மக்டலீன் எழும்பி மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். கோட்டைக்கூட எடுக்கவில்லை. மாசி மாதத்துக் குளிர். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் கலியாணத்துக்கும் கலைவிழாவுக்கும் வாடகைக்கு எடுக்கிற அந்த மண்டபத்தின் வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு உடம்பு கொதித்தது.

உள்ளே, அகதிகளாக வந்தவர்களின் வாழ்க்கை பற்றி ஒரு நிகழ்ச்சி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, 2001ஆம் ஆண்டில் அகதிப் பெண்களிடம் எடுத்த பேட்டிகளிலிருந்து சில துண்டுகளை டொச்சில், ஜெர்மன் மொழியில், வாசித்தாள். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ‘இலங்கையின் கரையோரத்தைச் சேர்ந்த ஓர் இளம் தாய்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒன்றை வாசித்தாள்:

‘ஜன்னலுக்குச் சிவப்புக் கம்பளி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அப்படியும் படுத்தால் நித்திரை இல்லை. ரயில் போகிற சத்தம் எனக்கு ஷெல் விழுகிற சத்தமாகக் கேட்கிறது. யுத்தம் என்னை விட்டுப் போகவில்லை.’

முன்வரிசையில் இருந்த டொச்சுக்காரி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

அந்தச் சிவப்புக் கம்பளி மக்டலீனுடையது.

அவள் மன்னார், பேசாலைக்காரி. யாகோப்புவைக் கட்டி, கைக்குழந்தை பிளோறன்ஸோடு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதும் ஆகவில்லை. அவர்களைக் கொண்டுபோய் விட்டது ரயில்பாதைக்குப் பக்கத்தில், பழைய தொழிற்சாலை ஒன்றை அறை அறையாகத் தடுத்துக் கட்டிய ஓர் அகதி இல்லத்தில். ‘ஹைம்’ என்பார்கள். மூன்று வருஷத்துக்கும் மேலாக அங்கே இருந்தார்கள். வழக்கு வென்று விசா கிடைத்ததும் கொலோனுக்கு வந்தார்கள். யாகோப்பு ஹைம் காலத்திலிருந்தே உணவகங்களில் இரவிரவாகக் கோப்பை கழுவினான். மக்டலீன் முதலில் ஆஸ்பத்திரி நிலம் கூட்டினாள். நாற்பது வயதில், பிள்ளையோடு போட்டிபோட்டுப் படித்து, அதே ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கி அடுக்குகிற வேலைக்குத் தொழிற்பயிற்சி முடித்தாள். இன்றைக்கு அந்தப் பிரிவில் அவளுக்குக் கீழே ஆறேழு பேர் வேலை செய்கிறார்கள். டொச்சில் சண்டை பிடிக்கக்கூடியவள். அது சும்மா வருகிற காரியம் இல்லை.

அப்படிப்பட்டவளின் ஹைம் கதையை, அவளைக் கேளாமல், மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு யாரோ ஒரு பெட்டை வாசிக்கிறாள்.

"பேட்டி பதிஞ்ச கசெற்றை எறிஞ்சுபோடுவினம் எண்டெல்லோ சொன்னவை" என்று யாகோப்புவிடம் கத்தினாள், வீட்டுக்குப் போகிற வழி முழுக்க. "ஆராய்ச்சி முடிஞ்சவுடனை எறிஞ்சுபோடுவினம், பயப்பிடாமல் கதையுங்கோ எண்டு, மொழிபெயர்க்க வந்த பரராசசிங்கம் அண்ணைதான் சொன்னவர். இருவது வருஷத்துக்குப் பிறகு கொண்டுவந்து கடை பரப்பினம்!"

"பேர் சொல்லேல்லைத்தானே" என்றான் யாகோப்பு.

"பேர் சொல்லாட்டில்? கம்பளியைச் சொல்லியாச்சு. எங்களோடை ஹைமிலை இருந்த பிறேமாவுக்குத் தெரியாதோ அது ஆற்றை கம்பளி எண்டு? அங்கை இருந்த அவ்வளவு சனத்துக்கும் தெரியும்."

இன்னொன்றும் அவளை அரித்தது. அதை யாகோப்புவிடம் சொல்லவில்லை. ஷெல் சத்தம் என்று நான் சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் அப்படிச் சொன்னதாய் ஞாபகம் வரவில்லை.

அடுத்த லீவு நாளில் ரயில் ஏறி அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். இரண்டு கட்டடங்களில் விசாரித்து, மூன்றாவதில் நூலகத்தின் பின்பக்கம் இருந்த ‘ஆய்வுத் தரவுக் காப்பகம்’ என்ற பலகையைக் கண்டுபிடித்தாள். அங்கே பொறுப்பாக இருந்தவர் வேபர் என்ற ஒரு பெண்; டொச் மரியாதையில் பிறவ் வேபர். கட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. மக்டலீன் கதிரையில் இருக்கவில்லை.

"என்னுடைய குரல் உங்களிடம் இருக்கிறது" என்றாள். "அதை அழியுங்கள். இன்றைக்கே."

பிறவ் வேபர் முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். அந்த ஆராய்ச்சி நடத்திய பேராசிரியர் ஓய்வுபெற்று, பின்பு இறந்தும் விட்டார். அவருடைய அலுமாரியில் கிடந்த கசெற்றுகள் பழுதாகிப் போகமுன் காப்பகம் பொறுப்பெடுத்து, கொம்பியூட்டரில் ஏற்றியது. ஒரு பிரதி இந்த வளாகத்தில், இன்னொன்று வேறு நகரத்தில். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே இருக்கும். பேசியவர்களின் பெயர் விபரம் மட்டும் தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியார் எவரும் குரலைக் கேட்கமுடியாது. எழுத்தில் உள்ள டொச் மொழிபெயர்ப்பை மட்டும், அனுமதி பெற்றவர்கள் வாசிக்கலாம்.

"வருஷா வருஷம் இயந்திரம் ஒவ்வொரு பதிவையும் சரிபார்க்கும்" என்றார். "ஓர் எழுத்து, ஒரு மூச்சு மாறியிருந்தாலும் பிடித்துவிடும். அவ்வளவு பத்திரம்."

"எனக்குப் பத்திரம் வேண்டாம். குப்பையில் போடுவோம் என்று சொன்னீர்கள். போடுங்கள்."

"அப்படி நாங்கள் சொல்லவில்லையே." பிறவ் வேபர் அந்த ஆராய்ச்சியின் வெற்றுச் சம்மதப் பத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும், வருங்கால ஆய்வுகளுக்குப் பயன்படும் என்று அதில் தெளிவாக இருந்தது. ‘மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் விளக்கினார்’ என்றும் கடைசியில் இருந்தது. அப்படி ஒன்றில் தான் கையெழுத்துப் போட்டது மக்டலீனுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அதில் ஒரு சொல்கூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"சம்மதத்தை மீளப்பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்றார் பிறவ் வேபர். "நீங்கள்தான் அவர் என்று உறுதிசெய்ததும் இரண்டு இடத்திலும் அழிப்போம். அழித்தால் அழித்ததுதான், பிறகு யாராலும் எடுக்க ஏலாது. அதற்கு முதல் ஒருதடவை கேட்டுப் பார்க்க விரும்புகிறீர்களா? அதுவும் உங்கள் உரிமை."

கேட்கத் தேவையில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த ஷெல் சத்தம் குறுக்கே வந்து நின்றது. "கேட்கிறேன்" என்றாள்.

பெயரைச் சரிபார்க்கிற அலுவல் முடிய நாள் எடுத்தது. பங்குனி முடிவில் மறுபடி போனாள். சிறிய அறை ஒன்றில் மேசை, கொம்பியூட்டர், காதில் மாட்டுகிற கருவி. பிறவ் வேபர் பதிவைத் திறந்துவிட்டு, அவள் கேட்டுக்கொண்டதால் பக்கத்திலேயே இருந்தார்.

முதலில் பேராசிரியரின் குரல் டொச்சில் கேட்டது: உங்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்வது எது? அதைப் பரராசசிங்கம் தமிழில் கேட்டார். பிறகு ஒரு பெண் பேசத் தொடங்கினாள். வேகமாக, மூச்சு வாங்காமல், பேசாலைத் தமிழில். அது தான்தான் என்று பிடிபட மக்டலீனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கட்டடம் பாக்கிற அந்த ஹவுஸ்மைஸ்ரரிட்டை எல்லா அறைக்கும் திறப்பு இருக்கு அண்ணை. தட்டமாட்டான். என்ரை மனுசன் வேலைக்குப் போனபிறகு திறந்துகொண்டு வந்து நிப்பான். ஹீற்றர் பாக்க வந்தனான் எண்டுவான். ஹீற்றரைப் பாக்கிறேல்லை, என்னைத்தான் பாக்கிறான். கதவிலை இருக்கிற கண்ணாடிக்குச் சிவப்புக் கம்பளியைக் கட்டிவிட்டிருக்கிறன். அலுமாரியைத் தள்ளிக் கதவுக்கு அணை குடுத்துப்போட்டுத்தான் படுக்கிறனான். ரயில் சத்தத்திலை அவன் திறப்புப் போடுறது கேக்காது. அதுதான் நித்திரை இல்லை. எனக்கு மட்டும் இல்லை, பிறேமாவுக்கும் இப்பிடித்தான். இதை இவையிட்டைச் சொல்லுங்கோ அண்ணை. திறப்பை வாங்கச் சொல்லுங்கோ."

கொஞ்ச நேரம் நாடா ஓடுகிற இரைச்சல் மட்டும். பிறகு பரராசசிங்கத்தின் டொச். நல்ல டொச், அழகான டொச்.

"ஜன்னலுக்குச் சிவப்புக் கம்பளி கட்டியிருப்பதாகச் சொல்கிறார். ரயில் சத்தம் ஷெல் விழுவதுபோல் கேட்கிறதாம். யுத்தத்தின் நினைவால் நித்திரை வருவதில்லை."

ம், ம், என்று பேராசிரியர் அனுதாபத்தோடு சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு மக்டலீனின் குரல், ஆறுதலாக: "நன்றி அண்ணை."

நன்றி சொல்லியிருக்கிறாள்! சொல்லியாச்சு, இனி அவனிடமிருந்து அந்தத் திறப்புச் சாவியை வாங்கிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு போயிருக்கிறாள். ஒருவரும் வாங்கவில்லை. அந்த வருஷம் முழுக்க, அடுத்த வருஷமும், அலுமாரியைத் தள்ளிக்கொண்டு இருந்தாள். இவ்வளவு சொல்லியும் இந்த வெள்ளைக்காரர் ஒன்றும் செய்யவில்லையே என்று, அந்தப் பேராசிரியரை நாசமாய்ப் போகச் சொல்லிச் சபித்திருக்கிறாள்.

காதிலிருந்ததைப் பிடுங்கி மேசையில் எறிந்தாள். பிறவ் வேபர் திடுக்கிட்டுப் போனார்.

"உங்களுக்குத் தமிழ் விளங்காது" என்றாள் மக்டலீன். "நான் சொல்கிறேன், கேளுங்கள்." பதிவை முதலில் இருந்து ஓடவிட்டு, தன் வாயாலேயே, வசனம் வசனமாக டொச்சில் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிறவ் வேபர் கையைக் காட்டி அவரை அனுப்பிவிட்டார்.

"இதைத்தான் ஒரு மூச்சு மாறாமல் காத்தீர்களா?" என்று கேட்டாள் மக்டலீன். "இவ்வளவு இயந்திரம், இரண்டு நகரம், பூட்டு, சாவி. ஒரு தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு ஒருநாள் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா ஒருவருக்கும்?"

"இல்லை" என்றார் பிறவ் வேபர். முகம் சிவந்திருந்தது. "தோன்றவில்லை. மொழிபெயர்ப்பு இருந்தது, அதுவே போதும் என்று இருந்துவிட்டோம்." பிறகு, "அழித்துவிடவா?" என்றார்.

"தொடவேண்டாம்" என்றாள் மக்டலீன். "ஒன்றையும் தொடவேண்டாம்."

வீட்டில் யாகோப்பு சோறு போட்டு மூடி வைத்திருந்தான். அவள் சாப்பிடவில்லை. ஹவுஸ்மைஸ்ரர் பற்றி அவனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் போய் அடிப்பான், பொலிஸ் வரும், வழக்குப் பழுதாகும் என்ற பயம். இன்றைக்குச் சொன்னாள், ஒன்றும் விடாமல். சொல்லி முடித்ததும் ஒரு யோசனை வந்து கேட்டாள்:

"வேலையாலை வந்து தட்டுவியள். நான் அலுமாரியை இழுத்துப்போட்டுத்தான் கதவு திறப்பன். ஒவ்வொரு நாளும். ஏன் அலுமாரி எண்டு ஒருநாள் கேட்டனியளே?"

யாகோப்பு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டால் நீ சொல்லிப்போடுவாய் எண்டு பயமாய் இருந்தது" என்றான். "சொன்னால் நான் ஏதாவது செய்யவேணும். என்னத்தைச் செய்யிறது, விசா இல்லாத நாய் நான்."

அவனுக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. எழும்பிப் போய் மகளின் பழைய அறையில் படுத்தாள். அந்தக் கிழமை முழுக்க அவனோடு கதைக்கவில்லை.

பரராசசிங்கத்துக்கு இப்போது எழுபத்தைந்து வயது. எண்பத்து நான்கில் வந்தவர். கொலோனிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் கூடப் போகாத விசாரணை இல்லை, எழுதிக் கொடுக்காத விண்ணப்பம் இல்லை. ஒருவரிடமும் கைநீட்டி ஒன்றும் வாங்கியதில்லை. மக்டலீன் குடும்பத்தின் வழக்கை வென்று கொடுத்ததும் அவர்தான். அவரைப் பற்றிக் குறைவாக ஒருவர் பேசினால் சனம் சண்டைக்கு வரும். மக்டலீனும் வந்திருப்பாள்.

தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்காக, சனிக்கிழமை காலையில் அதே மண்டபத்தில் ஆட்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மேடைக்குப் பக்கத்தில் இருந்து வெற்றிக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை, கனகாலம்" என்றார்.

"நான் ஹைமிலை குடுத்த பேட்டியைக் கேட்டனான் அண்ணை. எனக்கு இப்ப டொச் விளங்கும்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. துணியை மடித்து மேசையில் வைத்தார். என்ன பேட்டி என்று கேட்டிருந்தால்கூட மக்டலீனுக்குக் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"அப்ப நிலமை உனக்குத் தெரியும்தானே" என்றார் மெல்லிய குரலில். "எல்லாற்றை கேசும் தொங்கிக்கொண்டு நிக்குது. அந்த ஹவுஸ்மைஸ்ரர் அகதி ஒஃபிஸ்காரரோடை ஒட்டு. முறைப்பாடு குடுத்தால் உங்களைப் பிரிச்சு மூலைக்கு மூலை அனுப்பியிருப்பாங்கள். யுத்தத்தாலை நித்திரை இல்லை எண்டு பேராசிரியர் எழுதினால் அது கேசுக்கு உதவும். உதவினதுதானே? அந்த அறிக்கையையும் வைச்சுத்தான் உங்கடை விசாவை எடுத்தனான்."

"என்னட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டிருந்தால் நீ ஓம் எண்டிருப்பியே?"

"மாட்டன். அதுக்குத்தானே கேக்கவேணும்!" மண்டபத்தில் கதிரைச் சத்தம் நின்றுவிட்டது. அவள் குரலைக் குறைக்கவில்லை. "விசா எடுத்துத் தந்தனீங்கள், ஓம். அதுக்கு உங்கடை காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பன். ஆனால் நான் அழுது சொன்னது உங்களிட்டை. திறப்பை வாங்கித் தாங்கோ எண்டுதான் கேட்டனான். சொல்லியாச்சு எண்டு தலையை ஆட்டினீங்கள். அதுக்குப் பிறகு நான் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கேல்லை. சொல்லிப் பிரயோசனம் இல்லை எண்டு நினைச்சன். எத்தினை பொம்பிளையளுக்கு இப்பிடிச் செய்தனீங்கள்?"

பரராசசிங்கம் மடித்து வைத்த துணியை மறுபடி எடுத்து விரித்தார்.

"அண்ணையோடை இப்பிடிக் கதைக்காதை" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மக்டலீன் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து ஒரு கதிரையைத் தூக்கினார்.

எத்தனை பேருக்கு என்ற கேள்வியை அவள் விடவில்லை. மற்றப் பெண்களின் பதிவைக் கேட்க அவளுக்கு உரிமை இல்லை என்று பிறவ் வேபர் சொன்னார். அது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனால் காப்பகம் சும்மா இருக்கக்கூடாது என்று அடுத்தடுத்துத் தொலைபேசி எடுத்தாள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குப் போய்ப் பேசினாள். குழுத் தலைவர், காலம் கடந்துவிட்டது, சம்பந்தப்பட்டவர்கள் பலர் உயிரோடு இல்லை என்று இழுத்தார்.

"குரல் உயிரோடு இருக்கிறதே" என்றாள். "நீங்கள்தானே வைத்திருக்கிறீர்கள்!"

பிறவ் வேபர் அந்தக் கூட்டத்தில் அவள் பக்கம் நின்றார். டுசல்டோர்ஃப் நகரத்தில் இருக்கும் தேவமலர் என்ற பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம், அந்த ஆராய்ச்சியின் தமிழ்ப் பேட்டிகள் எல்லாம் கொடுக்கப்பட்டன. கோடை முழுக்க அவர் கேட்டு எழுதினார். தேடிப் பிடிக்கக்கூடிய பெண்களுக்குக் காப்பகம் தகவல் அனுப்பியது. ஒருநாள் ஹொலண்ட் எல்லையிலிருந்து பிறேமா தொலைபேசி எடுத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நானும் சொல்லியிருக்கிறன் மக்டலீன். அப்பிடியே திறப்புக் கதைதான். எனக்கு என்ன எழுதியிருக்கு தெரியுமே? கணவரைப் பிரிந்த ஏக்கமாம்! அவர் பக்கத்து அறையிலை சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தவர்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பிறேமா கெட்ட வார்த்தையால் திட்டத் தொடங்கினாள், மக்டலீன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாதிக்கு மேற்பட்ட பேட்டிகளில் அந்தத் திறப்பு இருந்தது. பழைய மொழிபெயர்ப்பைக் காப்பகம் அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் புதியதை வைத்து, முன்னையது பிழை, ஏன் பிழை என்ற குறிப்பையும் சேர்த்தது. இனி யார் திறந்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகை சின்னதாக ஒரு திருத்தம் போட்டது. ஹவுஸ்மைஸ்ரர் செத்துப் பல வருஷம். ஹைம் இருந்த இடத்தில் இப்போது தளபாடக் கடை. தண்டிக்க ஒருவரும் மிச்சம் இல்லை.

ஐப்பசியில் பிறவ் வேபர் அவளைக் கூப்பிட்டார். திரு. பரராசசிங்கம் வந்து தன் பக்க விளக்கத்தைக் குரலாகப் பதிந்து கொடுத்திருக்கிறார், அதையும் அந்தத் தொகுப்பில் சேர்க்கக் கேட்கிறார், உங்களுக்கு ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டார்.

"மன்னிப்புக் கேட்கிறாரா?"

"தமிழில் பேசியிருக்கிறார். இந்தமுறை முதலில் தேவமலரிடம் கொடுத்துக் கேட்டோம். ஒரு இடத்தில் கேட்கிறார். மிச்சம் முழுக்க, ஏன் செய்தேன் என்ற விளக்கம். நீங்கள் கேட்கலாம்."

மக்டலீன் கதிரையில் சாய்ந்து யோசித்தாள். அவர் இருமுவதும், நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று அவளைப் பற்றிச் சொல்லியிருப்பதும் கேட்காமலே அவளுக்குக் கேட்டது.

"வையுங்கள்" என்றாள். "எனக்குக் கேட்க விருப்பமில்லை. ஆனால் வையுங்கள். யாராவது ஒருநாள் இரண்டையும் கேட்டு, யார் சொன்னது சரி என்று பார்க்கட்டும்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோபம் ஆறிவிட்டதா என்று கூட வேலை செய்யும் வெரோனிக்கா கேட்டாள். "எங்கை ஆறுறது" என்றாள் மக்டலீன். கோயில் வளவுக்கு வெளியே யாகோப்பு காரை இயக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் பின்கதவைத் திறந்து ஏறி இருந்தாள். முன் ஆசனம் சும்மா கிடந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் காரை எடுக்கப் போனான்.

"ஏன் பின்னாலை இருக்கிறன் எண்டு கேளுங்கோ" என்றாள் மக்டலீன்.

யாகோப்பு என்ஜினை நிற்பாட்டினான். கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"ஏன்?" என்று கேட்டான்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.